அமுக்க ஒரு கை

சொர்ணலதா இன்னும் அமுக்கவே இல்லை. அதற்குள் சத்தம் வந்துவிட்டது.

ஸ்கேன் அறைக் கட்டிலில் சுவரோடு சாய்ந்து, இடது காலை லேசாக மடக்கி உட்கார்ந்திருந்தாள். முட்டிக்குப் பின்பக்கம் ஜெல்லைத் தடவி வலது கையால் ஸ்கேன் கருவியின் புரோப்பை அதன்மேல் வைத்திருந்தாள். இடது கை இயந்திரத்தின் பொத்தான்களில் இருந்தது. அவளுடைய சொந்த ரத்தம் ஸ்பீக்கரில் மெல்லிய காற்றாக இழைந்துகொண்டிருந்தது. திடீரென்று, யாரோ குழாயைத் திறந்துவிட்டதுபோல ‘ஹூஸ்’ என்று ஒரு பாய்ச்சல். கீழே கெண்டைக்காலை யாராவது இறுக்கிப் பிடித்தால்தான் அப்படி வரும். அறையில் அவளைத் தவிர ஆளில்லை.

“சனியன் பிடிச்ச மெஷின்” என்று திட்டினாள்.

திட்டுவதற்கு அவளிடம் நிறைய பேர் இருந்தார்கள், முதலில் சிக்கியது மெஷின். இரண்டு வருஷம் டோக்கன் மேசையில் கிடந்தவள் அவள். ரத்தக்குழாய் ஸ்கேன் பழக ஒரு ஆள் வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் முண்டியடித்துக்கொண்டு பெயர் கொடுத்தாள். ஆறு மாதம் ஓடிவிட்டது. பழக்கிவிட வேண்டிய சீனியர் வைகுண்டராஜ் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நாலு தடவை டீக்குடிக்கப் போய்விடுவார். கேட்டால், “பார்த்துப் பழகும்மா, எனக்கு யாரு சொல்லிக் குடுத்தாக?” என்பார். நாளை திங்கட்கிழமை அவள் டாக்டர் முன்னால் தனியாகச் செய்துகாட்ட வேண்டும். முட்டிக்குப் பின்னால் ஓடும் சிரையைக் கண்டுபிடித்து, அழுத்தினால் அது மூடுகிறது என்று காட்டி, கெண்டைக்காலை அமுக்கி அந்தப் பாய்ச்சலை வரவழைக்க வேண்டும். முடியாவிட்டால் மறுபடி டோக்கன் மேசைதான். இதை நினைத்தாலே அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

சிரையைக் கண்டுபிடிப்பதுகூட இப்போது வந்துவிட்டது. காலையிலிருந்து பத்து தடவை பார்த்துவிட்டாள். திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரியும். புரோப்பை அழுத்தினால் ஒன்று துடித்துக்கொண்டே நிற்கும், மற்றது, அதுதான் சிரை, உதட்டை மூடுவதுபோல மூடிக்கொள்ளும். அமுக்குவதில்தான் தகராறு. கெண்டைக்காலுக்குக் கையை நீட்டினால் உடம்பு திரும்புகிறது, புரோப் வழுக்குகிறது, படம் ஓடிவிடுகிறது. இன்னொரு கை வேண்டும். அந்த ஒரு கைக்கு இந்த ஆஸ்பத்திரியில் இத்தனை பஞ்சம்.

ஞாயிற்றுக்கிழமை பகல், ஆஸ்பத்திரிக்கு விடுமுறை. வெளியே பெரியகுளம் சாலையில் ஆட்டோக்கள் கத்திக்கொண்டு போயின, எதிர்க்கடையில் புரோட்டாக் கல்லின் டங்கு டங்குச் சத்தம். உள்ளே ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் நடுப்பகலும் இருட்டுதான். திரையின் சாம்பல் வெளிச்சம் அவள் முட்டிவரைக்கும் வந்தது. அதற்குக் கீழே கால் இருட்டுக்குள் கிடந்தது.

வராந்தாவில் வாளி இழுபடும் சத்தம் கேட்டது. கூட்டித் துடைக்கிற சங்கிலியம்மாள் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள்.

“சங்கிலியக்கா, ஒரு நிமிசம் வாங்களேன். இந்தக் கெண்டைக்கால ஒரே ஒரு தடவ அமுக்கிவிட்டாப் போதும்.”

“கையெல்லாம் பினாயிலு ஆத்தா. அதுவுமில்லாம அந்தக் கட்டிலுப் பக்கம் நான் வரமாட்டேன்.”

“ஏன்?”

“வியாழக்கிழம அங்கன படுத்திருந்துச்சுல்ல, விரல் இல்லாத கம்பத்துப் பொம்பள, பிச்சையம்மா. உனக்குத் தெரியாதா? அன்னைக்கு ராத்திரியே போயிருச்சாம். கெண்டைக்காலப் பிடிச்ச மேனிக்கு உக்காந்திருந்துச்சாம். விடிஞ்சு பக்கத்து வீட்டுக்காரவுக வந்து பாத்தாகளாம். அந்தக் கையப் பிரிச்செடுக்க முடியலையாம்.”

சொர்ணலதா காலிலிருந்து புரோப்பை எடுத்தாள்.

“நான் போயி உலை வைக்கணும். நீயும் வெரசாக் கெளம்பு.” கதவு மூடியது. வாளிச் சத்தம் தேய்ந்து, வாசல் கேட் கிரீச்சிட்டு ஓய்ந்தது.

பிச்சையம்மாளை மறக்க முடியாது. திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. மாட்டுத் தீவனத் தட்டை நறுக்கும் மெஷினில் வலது கை ஆட்காட்டி விரலைப் பறிகொடுத்தவள். நீலகிரித் தைல வாசனையோடு வந்து, வீங்கிய இடது காலைக் கட்டிலில் தூக்கிவைத்தாள். டாக்டர் மதுரைக்குப் போயிருந்தார். வைகுண்டராஜ் டீக்குப் போயிருந்தார். வெளியே ஆட்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சொர்ணலதாவுக்குத் துடிக்கிற வட்டம் மட்டும்தான் கிடைத்தது. மற்றது எங்கேயென்று தெரியவில்லை. வேர்த்துக் கொட்ட அவள் தடுமாறியதைப் பார்த்து அந்த அம்மாள் பரிதாபப்பட்டாள்.

“நான் வேணா அமுக்கவா ஆத்தா? ஒத்தக் கையா எம்புட்டு நேரம் மல்லுக்கட்டுவ?”

அந்த இரக்கம்தான் சொர்ணலதாவை இன்னும் எரிச்சல்படுத்தியது. புரோப்பைத் துடைத்து வைத்துவிட்டாள்.

“ஒண்ணுமில்லம்மா. வெறும் சதைப்பிடிப்பு. வீட்டுக்குப் போயி நல்லா அமுக்கிவிடுங்க, சரியாயிரும்.”

“வீட்டுல யாரு இருக்கா? நானேதான் அமுக்கிக்கிறணும்” என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

வைகுண்டராஜ் மறுநாள்தான் வாயைத் திறந்தார். “சிரை மூடலைன்னா உள்ள ரத்தக்கட்டும்மா. ஒடனே கைய எடுத்துரு. அமுக்குனாப் பிச்சுக்கிட்டு நேரா நெஞ்சுக்குப் போயிரும். அந்தாள நடக்கக்கூட விடாத.” ஆறு மாதமாகச் சொல்லாததை வெள்ளிக்கிழமை சொன்னார். ஒரு நாள் முன்னால் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

எழுந்து போய்விட வேண்டும் என்று உடம்பு சொன்னது. ஆனால் நாளைக்கு டாக்டர் நிற்பார். அந்த அம்மாளுக்கு வயதான உடம்பு, என்னென்னவோ இருந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பல்லைக் கடித்துப் புரோப்பை மறுபடி வைத்தாள். இழைகிற காற்று மறுபடி கேட்டது.

ஹூஸ்.

அவள் அசையவில்லை. பொத்தானில் இருந்த விரலைக்கூட அசைக்கவில்லை. புரோட்டாக் கல்லின் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஏசியின் இரைச்சலுக்கு அடியில், ஜெல்லின் மெல்லிய வாடைக்கு அடியில், முதலில் சந்தேகமாகவும் பிறகு சந்தேகமே இல்லாமலும், நீலகிரித் தைலம் மணத்தது.

ஹூஸ்.

நிதானமான அமுக்கல். பிடித்து, விட்டு, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி பிடித்து. நாளெல்லாம் நின்று வேலை பார்த்தவர்கள் ராத்திரியில் தங்கள் காலைத் தாங்களே பிடித்துவிடுகிற மாதிரி. இப்போது அது தோலிலும் தெரிந்தது. சொரசொரப்பான, காய்ந்த உள்ளங்கை.

வியாழக்கிழமை ராத்திரியிலிருந்து இடது கால் கனத்துக்கொண்டிருந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நின்றுகொண்டே இருந்ததால் என்று நினைத்திருந்தாள்.

புரோப்பை அழுத்தினாள்.

இரண்டு வட்டங்கள். ஒன்று துடித்தது. காலையிலிருந்து மூடிக்கொண்டிருந்த மற்றது இப்போது மூடவில்லை.

இன்னும் அழுத்தினாள். மூடவில்லை. உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. அதன் நுனி மட்டும் ரத்த ஓட்டத்தில் லேசாக ஆடியது.

ஓட முடியாது. எழுந்து நடந்தால் கெண்டைக்கால் சதையே அதை அமுக்கிவிடும். கத்தலாம். கேட்க ஆளில்லை. போன் மேசையில் இருந்தது. மேசை கதவோரம்.

இயந்திரத்தின் திரையைக் கொஞ்சம் கீழ்ப்பக்கமாகச் சாய்த்தாள். வெளிச்சம் காலில் இறங்கியது.

அங்கே யாரும் இல்லை.

கெண்டைக்கால் சதையில் மட்டும் குழிகள். ஒரு பக்கம் கட்டைவிரல். மறுபக்கம் மூன்று. ஒரு விரலின் இடம் காலி.

“அமுக்காதீங்க” என்றாள். “அம்மா. வேணாம். அமுக்காதீங்க.”

குழிகள் ஆழமாயின. ஆசையாக. சொன்னதைச் சரியாகச் செய்கிறவர்களின் அக்கறையோடு.

ஹூஸ்.

திரையில் சாம்பல் நுனி நீண்டது. அறுந்தது. வழுக்கிக்கொண்டு மேலே போனது. திரையின் விளிம்பைத் தாண்டியது.

அவள் கை தானாகப் புரோப்பை அழுத்தியது. வட்டம் மூடியது. முழுசாக, உதட்டை மூடுவதுபோல. ஸ்பீக்கரில் தடங்கலே இல்லாத ஓட்டம். டாக்டர் கேட்ட அதே சத்தம்.

மூச்சை இழுத்தாள். பாதியில் நின்றது.

கீழே அந்த நான்கு குழிகளும் கொஞ்சம் நகர்ந்து, மறுபடி அமுக்கத் தொடங்கின.