ஒரு பெட்டி மேலே

சிபி இறந்துவிட்டான் என்று செய்தி வந்தபோது மிருதுளா அழவில்லை. அந்தக் காலத்தில் யாரும் உடனே அழுவதில்லை. கோப்பு நல்லபடியாக இருக்கிறதா என்று முதலில் கேட்பார்கள், இல்லையென்றால்தான் அழுவார்கள். சிபியின் கோப்பு நல்லபடியாகவே இருந்தது. உடுமலைப் பக்கம் காற்றாலை உச்சியில் விசிறி பழுது பார்க்க ஏறியவன் கயிறு அறுந்து கீழே வந்துவிட்டான். ஏறுவதற்கு முந்தின நாள்தான், விதிப்படி, தன் மனசை முழுசாகச் சேமித்துவிட்டுப் போயிருந்தான்.

அது இருந்தது மிருதுளா வேலை பார்க்கும் உளக்கோப்பகத்தில். பல்லடம் சாலையில், மூடிப்போன நூற்பாலை ஒன்றின் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, அதற்குள் அந்த வட்டாரத்து மனிதர்களையெல்லாம் ஒன்றும் பூச்சியமுமாக அடுக்கி வைத்திருந்தார்கள். இருமக் கோப்பு என்று பெயர். ஒருவர் செத்துப்போனால், அவருடைய உயிரணுவிலிருந்து ஒரு வளருடலைத் தயார் செய்து, அதன் வெற்று மூளைக்குள் கோப்பை ஏற்றுவார்கள். மிருதுளா ஏற்றுநர். ஊரார் வீட்டுப் புருஷன்களையெல்லாம் எழுப்பி வீட்டுக்கு அனுப்பியவள். இன்று அவள் வீட்டு முறை.

சொந்தக்காரர் கோப்பைத் தொடக்கூடாது என்று சட்டம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இன்னொரு ஏற்றுநர் விடுப்பில் இருந்தார். வளருடலோ யாருக்காகவும் காத்திருக்காது. மாலைக்குள் எதையாவது வாங்கிக்கொள்ளாவிட்டால் மூளை கெட்டுவிடும். தலைமை ஏற்றுநர் லோகநாதன், அறுபதை எட்டப்போகிற மனுஷர், மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு யோசித்தார். உடம்பைத் தான் கவனித்துக்கொள்வதாகவும், கோப்பைத் திறந்து சரிபார்ப்பதை மட்டும் அவள் செய்யலாம் என்றும் சொன்னார்.

"பாக்கறதோட நிறுத்திக்க அம்மிணி. கைய வெச்சுறாத" என்றார்.

மிருதுளா தலையாட்டினாள். அப்போது அவள் மனசில் கள்ளம் ஏதும் இல்லை. அவன் முழுசாகத் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.

சரிபார்ப்பில் கடைசியாக வருவது உற்றார் வரிசை. ஒருவருடைய மனசில் ஆழமாகப் பதிந்துபோன ஆட்கள் மட்டும், வாழ்க்கையில் வந்த வரிசைப்படி அதில் நிற்பார்கள். திரையில் ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். உணர்கோடு. நீளமாக ஓடினால் நெஞ்சில் அத்தனை இடம் என்று பொருள். மற்றவர்கள் கோப்பில் இந்தப் பக்கம் வரும்போது மிருதுளா மரியாதையாக வேகமாகத் தள்ளிவிடுவாள். இன்று தள்ளவில்லை. புருஷன் மனசைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு எந்தப் பெண்டாட்டிக்குக் கிடைக்கும்?

அம்மா, அப்பா, அண்ணன், பள்ளிக்கூடத்து நண்பன் ஒருவன். அதற்குக் கீழே சம்யுக்தா. அதற்கும் கீழே மிருதுளா.

சம்யுக்தாவின் கோடு திரையின் விளிம்புவரை ஓடியது. மிருதுளாவுடையது பாதிகூட வரவில்லை.

சம்யுக்தாவை அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், ஒளிக்கக்கூடாது என்று, சிபியே எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். ஈரோட்டில் கூடப் படித்த பெண், அவள் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை, எங்கேயோ கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளைக் கண்ணாலும் பார்த்ததில்லை, அதெல்லாம் முடிந்த கதை என்றான். மிருதுளாவும் நம்பினாள். சிபி கை ஓங்கியதில்லை, குரல் உயர்த்தியதில்லை, தங்கமான மனுஷன் என்று உறவெல்லாம் சொல்லும். தங்கமான மனுஷனோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குத்தான் அந்தத் தங்கம் எவ்வளவு குளிர்ந்து கிடக்கும் என்று தெரியும். இத்தனை வருஷமும் அது அவன் சுபாவம் என்றே நினைத்திருந்தாள். சுபாவம் இல்லை. கோடு சொல்லிவிட்டது. அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. அதற்குக் கீழே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை.

பார்வைத்திரையில் எதை மாற்றினாலும் பதிவாகிவிடும். ஆனால் அடியில் கிடக்கும் ஒன்றையும் பூச்சியத்தையும் நேராகத் தொட்டால் யாருக்கும் தெரியாது. இருமக் கோப்பில் பெயர் சொல்லித் தேட முடியாது. இடம்தான் எல்லாம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரே அளவில் ஒரு பெட்டி. எத்தனையாவது பெட்டி என்று எண்ணிக்கொண்டே போனால் ஆள் கிடைத்துவிடுவார். மிருதுளா எண்ணிக்கொண்டு போனாள். ஐந்தாவது பெட்டியை வெட்டினாள். பின்னால் நின்ற பெட்டிகளையெல்லாம் இடைவெளி இல்லாமல் ஒரு பெட்டி மேலே இழுத்தாள். தலைப்பில் எழுதியிருந்த ஆள் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தாள். கோப்பு கெட்டிருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பெண்ணையும் புதிதாகக் கணக்கிட்டு எழுதினாள். வேலை சுத்தமாக இருந்தது. ஆள் இல்லாத நினைவுகள் ஏற்றத்தின்போது தாமாக உதிர்ந்துவிடும் என்பதும் அவளுக்குத் தெரிந்ததே.

ஒருமுறை பார்வைத்திரையில் திறந்து பார்த்திருக்கலாம். அதற்குள் ஒலிபெருக்கியில் லோகநாதனின் குரல் வந்தது. உடம்பு சூடாகிவிட்டது, கோப்பு எங்கே என்று அவசரப்படுத்தினார். அவள் சேமி என்ற பொத்தானை அழுத்தினாள். பழையதன்மேல் புதியது எழுதப்பட்டது. ஓர் ஆளுக்கு ஒரே கோப்புதான். நகல் வைத்திருந்தால் ஊருக்குள் இரண்டு சிபி நடமாட ஆரம்பித்துவிடுவார்கள் என்று அதைத் தடுக்கச் சட்டமே இருக்கிறது. அதனால் திரும்பிப் போக வழியில்லை. கோப்பில் குறையில்லை என்று பச்சை விளக்கு எரிந்தது.

ஏற்றம் முடிகிறவரை கண்ணாடிக்கு வெளியே நின்றாள். ஒரு புள்ளி பிசகினாலும் எழுந்திருப்பது சிபியாக இருக்காது என்று மற்றவர்களுக்கு அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

அவன் கண்ணைத் திறந்தான். கூரையைப் பார்த்தான். திரும்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை இழுக்க அவள் உள்ளே ஓடினாள்.

"மிருது" என்றான். அவன் ஒருநாளும் அவள் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டதில்லை. "இத்தன வருஷமா எங்கடி போயிருந்த?"

அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் ஏங்கி ஏங்கி அழுதாள். அவனும் அழுதான். அவள் முன்நெற்றி முடியை ஒதுக்கிவிட்டான், விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். நடுவில் நின்றவள் போனதும் தனக்கு வரவேண்டியது தன்னிடம் வந்து சேர்ந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். செய்தது பாவமாகவே தோன்றவில்லை.

விடுதியிலிருந்து ஆதிரை வந்து சேர்ந்தாள். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் ஒரே மகள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். சிபி அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, மெதுவாக விலக்கினான்.

"சிரமப்பட்டு வந்திருக்கற. சாப்டியா? போயி ரெஸ்ட் எடு" என்றான்.

ஆதிரை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அப்பா, நான் ஆதிரைப்பா."

"தெரியுதும்மா" என்றான் சிபி. குறை சொல்ல முடியாத மரியாதை. கண் மட்டும் அவளிடம் நிற்கவில்லை.

மிருதுளாவுக்கு அந்தக் குரல் தெரியும், அந்தப் பார்வையும் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குக் கிடைத்துவந்தது அதுதான். அது இப்போது மகள்மேல் விழுந்துகொண்டிருந்தது.

பதிவேற்றச் சான்றில் கையெழுத்துப் போட லோகநாதன் உள்ளே வந்தார். அவரைக் கண்டதும் சிபியின் முகம் மலர்ந்தது. எட்டி அவர் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தான்.

"வா கண்ணு. ஏன் மூஞ்சி வாடிக் கெடக்குது? நேரத்துக்குச் சாப்படறதில்லையா நீயி?" என்று அவர் மொட்டைத் தலையை வருடிக்கொடுத்தான்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். லோகநாதன் சிரிக்கவில்லை. கையை மெல்ல உருவிக்கொண்டார். ஆதிரையை வெளியே உட்காரச் சொன்னார். மிருதுளாவைக் கண்ணாடிக்கு வெளியே ஓரமாக அழைத்துப்போய், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எந்தப் பொட்டிய வெட்டுன?"

அவள் மறைக்கவில்லை. அவர் சுவரில் சாய்ந்துகொண்டு விளக்கினார். ஆளும் உணர்வும் ஒரே பெட்டிக்குள் இருப்பதாக அவள் நினைத்திருந்தாள்; திரையில் பக்கத்துப் பக்கத்தில் தெரிவதால் ஏற்றுநர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கோப்புக்குள் ஆட்கள் ஒரு வரிசை, உணர்வுகள் வேறொரு வரிசை. உணர்வு வரிசையில் பெயரே கிடையாது. ஐந்தாவது ஆளுக்கு ஐந்தாவது உணர்வு, அவ்வளவுதான். அவள் ஆட்களை மட்டும் ஒரு பெட்டி மேலே இழுத்துவிட்டாள். சம்யுக்தாவின் இடத்துக்கு மிருதுளா வந்தாள், மிருதுளாவின் இடத்துக்கு ஆதிரை வந்தாள். ஆதிரை பிறந்த வருஷம் மிருதுளாவுக்கு வேலை போட்டுக்கொடுத்த லோகநாதன், அடுத்த ஆளாக, ஆதிரையின் இடத்துக்குப் போய்விட்டார். எண்கள் எல்லாம் சரியாகவே இருந்ததால் இயந்திரத்துக்குச் சந்தேகம் வரவில்லை.

சரிசெய்ய வழி இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றார். புது மூளை மாலையில்தான் இறுகும். அதற்குள் அவனை மறுபடி சேமித்து, அவள் பெட்டிக்கு மேலே ஒரு வெற்றுப் பெட்டியைச் செருகி, மறுபடி ஏற்றலாம். எல்லாரும் ஒரு படி இறங்கி அவரவர் இடத்துக்கு வந்துவிடுவார்கள். கடைசியில் நின்றவருக்குரிய உணர்வு மட்டும் விழுந்துபோயிற்று. அது பல் டாக்டர்மேல் அவனுக்கு இருந்த பயமாகத்தான் இருக்கும், போனால் போகட்டும்.

"சம்யுக்தாமேல இருக்கற பாசத்தையும் சேத்து எடுத்துட முடியாதுங்களா?"

"உணர்வெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிச் சுருக்கிக் கட்டுனது. நடுவுல இருந்து ஒண்ண உருவுனா மொத்தமும் குலைஞ்சு போயிரும்" என்றார் லோகநாதன். "ரோசன பண்ணிச் சொல்லு. உனக்கு இப்பக் கெடச்சிருக்கறது மறுக்காக் கெடைக்காது."

அவளுடைய வேலை என்ன ஆகும் என்று அவர் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிபி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டும், எனக்கு இது வேண்டும் என்று அவள் மனசு அடம்பிடித்தது. மகள் நாளைக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு போகப்போகிறவள், தான்தானே கூட இருக்கப் போகிறோம் என்றுகூட நினைத்துப் பார்த்தாள். அப்படி நினைக்கிற தன்னைக் கண்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

ஆதிரை எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அம்மா, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனா?"

மிருதுளா இந்தக் கேள்வியைத் தனக்குத்தானே எத்தனை வருஷம் கேட்டிருக்கிறாள். மகளின் கன்னத்தைத் துடைத்துவிட்டு உள்ளே போனாள். சிபி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எங்கே போகிறாய், கொஞ்ச நேரம் இரு என்றான். இதோ வந்துவிடுகிறேன் என்று கையை விடுவித்துக்கொள்வதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவனை மறுபடி சேமித்த கோப்பில் வெற்றுப் பெட்டியை அவளே செருகினாள். இந்தத் தடவை பார்வைத்திரையில் திறந்தும் பார்த்தாள். முகமும் பெயரும் இல்லாத ஒரு கட்டத்துக்குப் பக்கத்தில், நீளமான அந்தச் சிவப்புக் கோடு விளிம்புவரை ஓடியது. அவளுடைய கோடு பழைய அளவுக்குச் சுருங்கியிருந்தது. சேமி என்பதை அழுத்தினாள்.

இரண்டாம் முறை கண் விழித்ததும் சிபி ஆதிரையைத்தான் தேடினான். "அம்மிணி" என்று அவளை மார்போடு சேர்த்துக்கொண்டு விம்மினான். காற்றாலையில் கயிறு அறுந்ததை அவள் வாயாலேயே கேட்டறிந்து, அவள் எவ்வளவு பயந்திருப்பாள் என்று கேட்டுக் கேட்டு வருந்தினான். லோகநாதனுக்கு ஒரு வணக்கம் வைத்தான். பிறகு மிருதுளாவிடம் திரும்பி, உனக்கும் ரொம்ப அலைச்சல்தான், சாப்பிட்டாயா என்று விசாரித்தான். சாப்பிட்டேன் என்றாள். அவள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஆதிரை காபி வாங்கி வரப் போனாள். சிபி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். மகள் போன வழியைப் பார்க்கிறான் என்று மிருதுளா நினைத்தாள். ஆதிரை வந்து, டம்ளரைக் கையில் கொடுத்த பிறகும் அவன் கண் வாசலிலேயே இருந்தது. வெளியே காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்தான். யாரோ ஒரு நர்ஸ் கடந்து போனதும் முகம் தொங்கிவிட்டது.

"மிருதுளா" என்றான், தயங்கித் தயங்கி. "யாரோ வரோணும்னு இருக்குது. மனசு கெடந்து அடிச்சுக்குது. யாருன்னு மட்டும் தெரியல. உனக்குத் தெரியுமா?"

லோகநாதன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவன் சாகிறவரை ஒவ்வொரு வாசலையும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பான். செத்தாலும் விடாது, மறுபடி ஏற்றிவிடுவார்கள்.

"சம்யுக்தா" என்றாள் மிருதுளா.

அவன் அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. எழுந்து உட்கார்ந்து, அவள் யார், எப்படி இருப்பாள், உனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லு என்று கெஞ்சினான். மிருதுளா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கல்யாணமான புதிதில் அவன் தன்னிடம் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவனுக்கே சொல்லத் தொடங்கினாள்.