எல்லாரும் இறங்கிய பிறகு

என் தங்கை ட்வைலாவின் கணவன் வெர்லினுக்குத் தொழில் டயர் விற்பது. அவனைக் கேட்டால் சரித்திரம் என்பான். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போன ராணுவ நர்சுகளின் சீருடை, தொப்பி, நெஞ்சில் குத்தும் இறக்கைச் சின்னம், எல்லாம் சேர்ப்பான். அந்தப் பெண்களைப் பற்றி அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. பொத்தான் அசலா, நூல் அந்தக் காலத்து நூலா, அவ்வளவுதான் அக்கறை.

அந்தச் சீருடைகள் எல்லாம் சின்ன அளவு. கென்டக்கியில் சோளரொட்டி தின்று வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்குத் தோளில்கூட ஏறாது. ட்வைலா மட்டும் ஒடிசல். அதனால் கண்காட்சிதோறும் அவள்தான் அவனுக்குத் துணிக்கடைப் பொம்மை. இதற்காகத்தான் அவளைக் கட்டியிருப்பான் என்று அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவன் சிரித்தான். வெட்கம் கெட்டவன்.

ஜனவரியில் ஒரு மதியம், அப்படி ஒரு நர்சின் சீருடையை விலைக்கு வாங்க, புகையிலை வயல்களைத் தாண்டி ஒரு பழைய பண்ணை வீட்டுக்குப் போனோம். "நீயும் வாக்கா. அவரோட தனியா போனா வழி பூரா பொத்தான் கதைதான்" என்று ட்வைலா கெஞ்சியதால் நானும் வண்டியில் ஏறினேன்.

செத்துப்போன நர்சின் அண்ணன் மகள், ஐமோஜீன் என்று பெயர், பெட்டியைத் திறந்து கொடுத்தாள். உள்ளே நீலக் கம்பளிச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"விமானம் மலையில மோதிடுச்சு. அத்தை மட்டும்தான் வெளிய வந்தாங்க" என்றாள் அவள். "படுக்கையோட வாரு போட்டுக் கட்டியிருந்த சிப்பாய்ங்க எல்லாம் உள்ளயே இருந்தாங்க. நோயாளிங்க இறங்கினப்புறம்தான் நர்ஸ் இறங்கணும். அதையே சொல்லிச் சொல்லி அழுவாங்க."

வெர்லின் தலையை ஆட்டினான். "அந்தச் சின்னத்தைத் திருப்பிக் காட்டுறீங்களா? பின்னாடி முத்திரை இருக்கானு பாக்கணும்."

எனக்குக் கூசியது. அவனுக்குக் கூசவில்லை. புற ஊதா விளக்கை எடுத்துச் சட்டை முழுக்க அடித்துப் பார்த்தான். போருக்குப் பிறகு வந்த நூல் அந்த வெளிச்சத்தில் பளீரென்று ஒளிரும், கறைகளும் தெரிந்துவிடும். ஒன்றும் ஒளிரவில்லை. "குழந்தை மாதிரி சுத்தமா இருக்கு" என்று அதை அணைத்துக்கொண்டான். தன் மனைவியை அவன் அப்படி அணைத்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்த கையோடு எங்களை நிலவறைக்கு இழுத்துப் போனான். ட்வைலாவுக்குச் சட்டையை மாட்டினான். படம் எடுத்துக் கூட்டாளிகளுக்கு அனுப்ப வேண்டுமாம். தையலையும் காட்டிப் பெருமையடிக்க விளக்கை அணைத்து ஊதா வெளிச்சத்தைப் போட்டான்.

இடது முழங்கைக்குக் கீழே ஒரு கைத்தடம் இருந்தது. நான்கு விரல், ஒரு கட்டைவிரல். இறுகப் பிடித்த தடம்.

"அங்க பாத்தப்போ இது இல்லையே" என்றேன்.

"போர்க்களத்துக் கறை" என்றான் அவன். குரலில் எச்சில் ஊறியது. "இனி இதுக்கு மதிப்பே தனி."

அவன் சொல்லி முடிப்பதற்குள் வலது கையில் இன்னொன்று தெரிந்தது.

பிறகு தோளில்.

பிறகு இடுப்பில், தரையில் கிடப்பவன் எட்டிப் பிடித்த மாதிரி.

பெட்ரோல் வாடை வந்தது. அயோடின் வாடையும், நனைந்த கம்பளி வாடையும். காலடியில் சிமென்ட் தரை மெல்ல அதிர்ந்தது. எங்கோ ஒரு இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

ட்வைலா குனிந்து, வெறும் காற்றில் ஒரு போர்வையை இழுத்துவிட்டாள்.

"ட்வைலா, கழட்டிடு" என்று கிசுகிசுத்தேன்.

"முடியாதுக்கா. இன்னும் யாருமே இறங்கல."

"யாரும் இல்லடி இங்க."

"மெதுவா பேசு. இப்பதான் ஒருத்தர் தூங்கறாரு." அவள் இன்னொரு போர்வையைச் சரிசெய்தாள். "கீழ தரையில இருக்கறவங்க யாராவது இவங்களைப் பொறுப்பெடுத்துக்கணும். அப்பதான் என்னை விடுவாங்க."

என் தங்கைக்காக அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டிருப்பேன். வாயைத் திறந்தும்விட்டேன். வெர்லின் முந்திக்கொண்டான். மனைவி மேல் உள்ள பாசத்தில் அல்ல. சட்டையில் அவள் வேர்வை இறங்குகிறதே என்ற பதைப்பில்.

"சரி, நான் எடுத்துக்கிட்டேன். மொத்தப் பேரும் என் பொறுப்பு. போதுமா? கம்பளி வீணாப் போகுதும்மா, கழட்டு."

அவள் உடனே கழற்றி அவன் கையில் கொடுத்தாள். என் மேல் சாய்ந்தாள்.

வெர்லின் போட்டிருந்த சட்டையின் கையில் முதல் தடம் விழுந்தது.

அவன் பார்க்கவில்லை. காலர் தையலைத் தடவிக்கொண்டிருந்தான்.

ட்வைலாவை என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். நாலைந்து நாள் கழித்து, பகல் சாப்பாட்டு நேரத்தில் வெர்லின் போன் செய்தான்.

"டோரீன்," என்றான். "தண்ணி கேக்கறாங்க. புண்ணுக்குக் கட்டு மாத்தச் சொல்றாங்க. எனக்கு என்ன தெரியும்? நிலவறையிலேருந்து படியேற விட மாட்டேங்கறாங்க."

எனக்குப் பரிதாபம் வரவில்லை. மறைக்காமல் சொல்கிறேன், இனித்தது. "சரித்திரம்னு சொன்னியே, நல்லா பாரு" என்றேன்.

"நான் வேணாமாம் அவங்களுக்கு." அவன் அழுதான். "ட்வைலாதான் வேணுமாம். பேரை நான் சொல்லல, டோரீன். சத்தியமா நான் சொல்லல."

அவன் குரலுக்குப் பின்னால் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. நான் போனை வைத்தேன்.

உறுமல் நிற்கவில்லை.

மேஜையில் பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்த ட்வைலா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இதோ வரேம்பா" என்றாள். என்னிடம் சொல்லவில்லை.

எழுந்து வாசலை நோக்கி நடந்தாள். பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்தேன்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை பிடித்திருந்தது.