இறக்கி வைக்காத பெட்டி

அடுக்களையில் கவிழ்த்து வைத்திருந்த வெண்கலப் பானை தானாக முனகத் தொடங்கியது. கொசு என்றுதான் காந்திமதிநாதன் முதலில் நினைத்தார். அறுபத்திரண்டாம் வருஷத்து ஆடிச் சாரல் காலையிலிருந்தே இலஞ்சியை விடாமல் நனைத்துக்கொண்டிருந்தது. ஈர வைக்கோலும் பாசியும் தொழுவத்துச் சாணியும் கலந்த வாடை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. விளக்கு வைக்கிற பொழுதுகூட ஆகவில்லை, அதற்குள் எதிரே நிற்கிற ஆள் முகம் தெரியாத இருட்டு. எழுந்து போய்ப் பானைமேல் உள்ளங்கையை வைத்தார். முனகல் நின்றது. பக்கத்துச் செம்பு தொடங்கியது. அதை இன்னொரு கையால் பிடித்தார். உடனே தட்டும் கரண்டியும் நடுங்கின. மனுஷனுக்கு இரண்டு கைதானே!

சத்தம் பாத்திரத்தில் இல்லை. ஓட்டுக்கு மேலே, சாரலுக்கும் மேலே, குற்றால மலையை மூடிக் கிடந்த மேகத்துக்குள் ஒரு சின்ன விமானம் சுற்றிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குக் கேக்குதுல்லா?" என்று கேட்டபடி அவர் மனைவி மங்களேஸ்வரி கதவோரம் வந்து நின்றாள்.

"என்னத்த?"

"நம்ம பிள்ள சுத்துதான்."

"போடி, கோட்டி பிடிச்ச மாதிரிப் பேசாத. புளியற மலை ஏறுத லாரி அது."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். முதல் பத்து நாளும் அவள் ஒருத்திக்குத்தான் அது கேட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தெரு பேசியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவரும் அப்படித்தான் நினைத்தார். நேற்று முன்தினம் அவர் காதிலும் விழுந்தது. நேற்று இன்னும் தாழ்ந்து வந்தது.

சிவசைலம் அவர்களுக்கு ஒரே பிள்ளை. வயது இருபது நிறையவில்லை. சைக்கிளில் இறக்கத்தில் போகவே சாமி கும்பிடுகிற குடும்பத்தில் பிறந்துவிட்டு, விமானம் ஓட்டப் படிக்கப்போகிறேன் என்று அடம்பிடித்துக் கிளம்பினான். "ஒரு நாள் நம்ம வீட்டுக்கு மேல வந்து சுத்திக் காட்டுதேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். வந்தான். தனியாக ஓட்டிக்கொண்டு வந்தவனை மேகம் மூடிக்கொண்டது. அரைமணி நேரம் மேலே சத்தம் மட்டும் சுற்றியது. அப்புறம் செண்பகாதேவி அருவிக்கு மேலே காட்டுக்குள் புகை எழுந்தது.

மலையேறிப் போனவர்கள் ஒரு பெட்டியோடு இறங்கினார்கள். ஆணி அடித்த பெட்டி. கூட வந்த பயிற்சியாளர் பட்டணத்துக்காரர், அழுது அழுது கண் சிவந்திருந்தது. "திறக்க வேணாம் சார்" என்றார். "மேகத்துக்குள்ள போயிட்டா மேல எது, கீழ எதுன்னு உடம்புக்குத் தெரியாது. தலைகீழாப் போனாக்கூட நேராப் போற மாதிரியே இருக்கும். பையன் மேல தப்பே இல்ல சார்." அதைக் கேட்டு வைத்துக்கொண்டு பெற்றவன் என்ன செய்ய?

மங்களேஸ்வரி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஒரு நிமிஷம் நம்ம வாசல்ல எறக்கி வச்சுட்டுத் தூக்குங்க. பிள்ள தரையத் தொட்டுட்டுப் போட்டும்."

"வெளிய செத்தத ஊருக்குள்ள கொண்டாரப்படாது தாயி. வழக்கமில்ல" என்றார் கைலாசம் அண்ணாச்சி. காந்திமதிநாதனின் பெரியப்பா மகன். அந்தக் குடும்பத்தில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். காந்திமதிநாதன் கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். சுடுகாட்டுக்குப் போகிற வழியில் அரிச்சந்திரன் கல் பக்கம் பாடையை இறக்கி, திசை மாற்றித் தூக்குவது முறை. அங்கேயும் இறக்கவில்லை. மழை வலுத்தால் விறகு நனைந்துவிடும் என்று தோள் மாற்றித் தோள் மாற்றி ஓடி, சிற்றாற்றங்கரையில் நேராகச் சிதைமேல் வைத்துவிட்டார்கள். தூக்கிப் போனவர்கள் ஒவ்வொருவரிடமும் மங்களேஸ்வரி பிறகு விசாரித்தாள். மலையிலிருந்து நெருப்பு வரைக்கும் அந்தப் பெட்டி மண்ணில் படவே இல்லை.

"அவன் இன்னும் எறங்கலங்க" என்றாள் எல்லாரையும் விசாரித்து முடித்த அன்றைக்கு. அன்று சாயங்காலம்தான் முதல் சத்தம்.

நாளைக்குப் பதினாறு. அதற்கு முந்தின பொழுதில், செத்தவர் படுத்திருந்த அறையில் விளக்கேற்றி, பிடித்ததையெல்லாம் படைத்து, தரை முழுக்கச் சலித்த அரிசிமாவைத் தூவிக் கதவைச் சாத்துவது அவர்கள் வீட்டு வழக்கம். வந்து சாப்பிட்டுப் போனால் மாவில் கால்தடம் இருக்கும். தடம் பார்த்துவிட்டால் மனசு ஆறிவிடும். அண்ணாச்சி மத்தியானமே வந்து எல்லாம் சரிபார்த்தார். "உள்ள யாரும் இருக்கப்படாது. பேர் சொல்லிக் கூப்பிடவே படாது. கூப்பிட்டா கூப்பிட்டவங்ககிட்டதான் வருவான். கேட்டியா தம்பி? நான் மழ வெறிச்சதும் வாரேன்." குடையை விரித்துக்கொண்டு போனவர்தான். மழை விடவே இல்லை.

மச்சுப்படிக்குப் பக்கத்து அறைதான் சிவசைலத்தினுடையது. தாத்தா காலத்துத் தேக்குப் பலகை தலைக்கு மேலே மச்சாகப் பாவியிருக்கும், விளக்குப் புகை குடித்துக் கன்னங்கரேல் என்று. மங்களேஸ்வரி பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து மாவைத் தூவி முடித்து வெளியே வந்தாள். ஒரு சுருக்கமில்லாமல் வெள்ளையாகக் கிடந்தது தரை. காந்திமதிநாதன் கதவைச் சாத்திச் சங்கிலியை மாட்டினார். இரண்டு பேரும் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார்கள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இவளையும் விட்டுவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று பயந்து, இறுக்கிப் பிடித்தார்.

சத்தம் ஒரு சுற்று மலைப்பக்கம் போனது. திரும்பியது. தென்காசிப் பக்கம் போய்த் தேய்ந்தது, போய்விட்டது என்று மூச்சு விடும்போது மறுபடி வந்தது, இந்தமுறை ஓடுகள் கடகடவென்று ஆடின, எரவாணத்திலிருந்து தூசியும் காய்ந்த பல்லி முட்டைத் தோலும் தலையில் உதிர்ந்தன, பெட்ரோலும் கருகிய தோலும் கலந்த ஒரு வாடை சாரல் வாடையைத் தள்ளிக்கொண்டு உள்ளே இறங்கியது. தொழுவத்து மாடு கத்தியது.

எஞ்சின் இருமியது. மறுபடி இருமியது.

நின்றது.

சாரல் மட்டும் கேட்டது.

இப்போது விழும், இப்போது விழும் என்று அவர் கண்ணை மூடினார். எதுவும் விழவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நடந்தார்கள். கனமான பூட்ஸ். மரத்தில் நடக்கிற சத்தம். அறைக்குள் இருப்பது செங்கல் தரை.

"எம்மா."

அவன் குரல்தான். களைத்துப்போன குரல்.

"எம்மா, தர எங்கன இருக்குன்னு தெரியலயே."

"ஏலே சிவசைலம்! இங்கன இருக்கேம்லே! எறங்கி வாலே என் ராசா!"

அவர் அவள் வாயைப் பொத்துவதற்குள் பேர் வெளியே போய்விட்டது. அவள் அவர் கையைக் கடித்தாள். பன்னிரண்டு முழப் புடவைக்குள் எலும்பாகக் கிடந்தவளுக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, உதறிவிட்டுச் சங்கிலியைக் கழற்றி உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார். கால் வரவில்லை. முருகா, கால் வரவில்லையே!

"கையக் குடுலே" என்றாள் உள்ளே. "இன்னும் கொஞ்சம். எட்டல. இன்னுங் கொஞ்சம்... ஆங்."

அப்புறம் பேச்சில்லை.

தவழ்ந்து போய்க் கதவைத் தள்ளினார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இலையில் படைத்தது படைத்தபடி இருந்தது. ஒரே சன்னல், கம்பி போட்டது. நிலைப்படியிலிருந்து அவள் கால்தடம் மாவில் வரிசையாக அறையின் நடுவுக்குப் போயிருந்தது. கடைசித் தடத்தில் குதிகால் இல்லை. விரல்கள் மட்டும். அதற்கப்புறம் நாலாபக்கமும் கலையாத மாவு.

"மங்களம்?"

அவர் கன்னத்தில் என்னவோ உதிர்ந்தது. தொட்டார். மாவு.

அண்ணாந்து பார்த்தார்.

கறுத்த தேக்குப் பலகையில் சாம்பல் நிறத்தில் பூட்ஸ் தடங்கள். அறையைச் சுற்றிச் சுற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக. அவற்றை ஒட்டினாற்போல் சின்னதாக, வெள்ளையாக, வெறுங்கால் தடம். அவர் பார்க்கப் பார்க்கவே அடுத்தது பதிந்தது. அதற்கடுத்ததும்.

"ஏங்க" என்று அவள் மேலேயிருந்து கேட்டாள். பயந்துபோன குரல். "எதுங்க கீழ?"

"இங்கன! மங்களம், இங்கன இருக்கேன்! இதுதான் தர!" அவர் இரண்டு கையாலும் தரையை அறைந்தார். மாவு புகையாக எழுந்தது. தடங்கள் நிற்கவில்லை. அவர் தலைக்கு மேலே வந்து, திரும்பி, மறுபடி சுற்றப் போயின. ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் காலில் ஒட்டியிருந்த மாவு குறைந்துகொண்டே வந்தது. வெள்ளைத் தடம் மங்கியது. அப்புறம் விரல் நுனிகள் மட்டும் தெரிந்தன.