முதல் தட்டு

அந்த ஓட்டலில் அன்றைக்குத் தங்கியிருந்தது கலைமதி ஒருத்திதான். ஆனாலும் மதியச் சாப்பாட்டின் முதல் தட்டு அவளைத் தாண்டிப் போனது.

நடு முற்றத்தின் ஓரம், தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் அவளுக்கு மேசை போட்டிருந்தார்கள். சமையல்காரர் நாகராசு கறுப்புத் தட்டை இரண்டு கைகளாலும் ஏந்தி, அவள் பக்கம் திரும்பாமலே, கடைசியில் பூட்டிக் கிடந்த அறையைப் பார்த்து நடந்தார். தட்டில் சுஷி, புளிப்புச் சோற்றுப் பிடிமேல் பச்சை மீன் துண்டு. இரண்டு மாதமாக அவள் ஏங்கிக் கிடந்த சுஷி.

"அண்ணே, இங்கிட்டு. நான் இங்க இருக்கேன்."

அவர் நின்றார். "ஒங்களுக்கு அடுத்த தட்டு மேடம். பத்தே நிமிசம்."

"அங்க யாரு இருக்கா?"

நாகராசு கொஞ்சம் நெளிந்தார். மீமிசல்காரர், சிங்கப்பூரில் ஜப்பான் ஓட்டல் ஒன்றில் பதினொரு வருடம் மீன் வெட்டியவர். "இது செட்டியார் வீடு மேடம். வாடகைக்கு விட்டப்ப அந்த ரூமை மட்டும் தரலை. உள்ள ஒரு ஓலைப்பேழை இருக்கு, அதுல ஒரு சேலை. ஆவுடையாச்சின்னு இந்த வீட்டு மருமக. எல்லாருக்கும் பரிமாறிப் பரிமாறியே, தனக்கு ஒண்ணும் மிஞ்சாம, பட்டினியிலயே போயிட்டாங்களாம். வருசா வருசம் சேலை வச்சுப் படைப்பாங்க. மொத எலை அவங்களுக்குத்தான். ரெண்டு வருசமா வீட்டு ஆளுங்க யாரும் வரலை. மனசு கேக்காம நானா இந்த மொத தட்டைக் கதவுகிட்ட வைக்கிறேன்."

கலைமதிக்குச் சுருக்கென்றது. பாவம் என்றும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சல்தான் ஜெயித்தது.

புதுக்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். வீட்டில் பதினாலு வருடமாகக் கடைசிப் பந்தி அவளுடையது. ஆறிப்போன குழம்பு, சட்டியில் ஒட்டிய சோறு, மீன் என்றால் வால் துண்டு. அதையும் வாயில் வைக்கும்போது யாராவது தண்ணீர் கேட்பார்கள். "எனக்கு ரெண்டு நாள் லீவு. நீங்களே வடிச்சுச் சாப்பிடுங்க" என்று புருஷனிடமும் மாமியாரிடமும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். முக்கால் மணி நேரப் பயணம். அதுவும் பயணம்தானே! நேற்றுச் சாயங்காலம் நீச்சல் குளத்தில் ஊறினாள். ராத்திரி பத்து மணி நேரம் தூங்கினாள். காலையில் வேறு யாரோ போட்ட காப்பியைக் குடித்தபோது அழுகையே வந்துவிட்டது.

"செத்தவங்களுக்கு மொத தட்டு, உசுரோட இருக்கறவளுக்கு மிச்சமா? நல்லா இருக்கே நியாயம்! இன்னைக்கு மொத தட்டு எனக்கு. அவங்களுக்கு அடுத்தது வைங்க."

"மேடம், வேணாமே..."

"வைங்கண்ணே."

வைத்தார். "சோத்தை ஆற வச்சு ஒடனே கொண்டாரேன்" என்று பின்கட்டுச் சமையலறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து விசிறிச் சத்தம் கேட்டது, சூடான சோற்றை அவர் ஆற வைக்கும் சத்தம். அந்தப் பெரிய வீட்டில் அது ஒன்றுதான் மனிதச் சத்தம்.

தட்டில் எட்டு இருந்தன. வஞ்சிரம், கணவாய், இறால், காலையில் மீமிசல் கரைக்கு வந்தவை. குச்சியை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே ஒன்றை எடுத்தாள். அடடா! லேசான புளிப்பும் இளஞ்சூடுமாகச் சோறு நாக்கில் உதிர, அதன்மேல் மீன் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு இறங்க, சோற்றில் தடவியிருந்த பச்சை விழுதின் காரம் மூக்கில் ஏறிக் கண் கலங்கியது. யாரும் தண்ணீர் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக, ரொம்ப மெதுவாக மென்றாள்.

கண்ணைத் திறந்தபோது தட்டில் ஆறு இருந்தன.

தெரியாமல் இரண்டாகத் தின்றிருப்போம் என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டாள். அடுத்ததை எடுக்கப் போனபோதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது: தளதளவென்ற இலையைத் தரையில் விரித்து, உள்ளங்கைத் தண்ணீரைத் தெளித்து, ஒரே இழுப்பில் துடைக்கிற சத்தம். பந்தியில் ஆயிரம் தடவை அவளே எழுப்பிய சத்தம். பிறகு ஈர வாழையிலை வாசனை. அதற்கு அடியில் அந்துருண்டையும், வருடக்கணக்கில் மடித்தே கிடந்த பட்டும், காலி வயிற்றுக்காரியின் மூச்சும் கலந்த ஒரு நெடி.

"அண்ணே?"

விசிறிச் சத்தம் நின்றது.

திரும்பினாள். கடைசி அறையின் பூட்டு தொங்கியபடியேதான் இருந்தது. கதவு மட்டும் திறந்திருந்தது. உள்ளே இருட்டில் ஓலைப்பேழையின் மூடி தனியாகக் கிடந்தது.

மறுபடி தட்டைப் பார்த்தாள். ஐந்து. அதில் ஒன்று பாதி கடித்தது. சின்ன வாய். பல் தடம் தெளிவாக இருந்தது.

எழுந்து ஓடு என்றது உடம்பு. முகப்பு வாசல் இருபது எட்டுதான். ஆனால் எழுந்தால்? பாதிச் சாப்பாட்டில் எழுந்திருப்பதுதானே அவள் இத்தனை வருடமாகச் செய்தது. எவர் கூப்பிட்டாலும் எழுந்தாளே. இப்போது செத்தவள் கூப்பிட்டும் எழுவதா?

"நான் எந்திரிக்க மாட்டேன்," என்றாள். குரல் பிசிறியது. திரும்பவும் சொன்னாள். "எந்திரிக்க மாட்டேன் ஆச்சி. ஒங்க பசி எனக்குத் தெரியும். வேணும்னா பக்கத்துல ஒக்காருங்க. நான் பரிமாற மாட்டேன் இன்னைக்கு."

முற்றத்து உச்சி வெயில் தரையில் கட்டமாக விழுந்திருந்தது. அவள் நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு நிழல் வந்தது. உட்கார்ந்தது.

நாற்காலி ஒன்றுதான்.

கலைமதி நேராகவே பார்த்தாள். வலது கண்ணின் ஓரத்தில் அரக்குச் சேலை. மடிப்புக் கலையாத சேலை. பக்கவாட்டில் திரும்பவே இல்லை. ஒன்றை எடுத்துத் தின்றாள். வளையல் சத்தம். ஒன்று போனது. அவள் இன்னொன்று. மெல்லும் சத்தம் இரண்டாகக் கேட்டது. ஒன்று அவசரமாக.

கடித்துப் போட்டதும் போனது.

ஒன்று மிஞ்சியது. வஞ்சிரம். நடுத் துண்டு.

இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் நீண்டன. அந்தக் கை எலும்பாக இருந்தது. நகத்தில் பழைய சோறு காய்ந்திருந்தது. கலைமதி முந்தினாள். எடுத்தாள். வாயில் போட்டாள்.

வீடு மூச்சை நிறுத்தியது.

சில்லென்ற விரல்கள் அவள் கன்னத்தைத் தொட்டன. கோபமாக இல்லை. குழந்தை மண்ணைத் தின்றால் தாய் தோண்டி எடுப்பாளே, அப்படி, பொறுமையாக உதட்டைப் பிரித்தன. ஒரு விரல் நுழைந்தது. இன்னொன்று. ஈறுகளைத் தடவிக்கொண்டு, இடுக்குத் தேடின.

கலைமதி பல்லை இறுகக் கடித்தாள். கண்ணில் நீர் வழிந்தது. துப்பவில்லை.

எனக்கு. இது எனக்கு.

விரல்கள் வெளியே வரவில்லை. பல்லின் மேல் படிந்து, அவள் வாய் திறக்கும்வரை காத்திருந்தன.