மேல் தட்டு வரிசை

காலை 9.10.

"முதல் உருப்படி. பித்தளைச் சிலை, மரப்பீடம்," என்று நோட்டைப் பார்த்துப் படித்தாள் நோட்டக்கா.

அலமாரியின் முன்னால் நின்ற நடிகை விரலை நீட்டினார். நீட்டிய விரல் மேல் தட்டில் இங்கும் அங்கும் அலைந்து அந்தரத்தில் நின்றது.

"காணோம்," என்றார்.

நடிகைக்கு வயது அறுபத்தாறு. நாற்பத்திரண்டு வருட நடிப்பு, இருபத்துமூன்று விருதுகள். அன்று மாலை ஆறு மணிக்கு நடிகர் சங்கம் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுக்கவிருந்தது. 'போதும், வீட்டுக்குப் போங்க' என்பதைப் பூங்கொத்தோடு சொல்வதுதான் அந்த விருது என்பது அவருடைய கட்சி. என்றாலும் பழைய விருதுகளை மண்டப வாசலில் காட்சிக்கு வைக்கச் சம்மதித்திருந்தார். பட்டியல் போட வந்தவள்தான் நோட்டக்கா.

நோட்டக்காவின் தொழில் கன்டினியூட்டி பார்ப்பது. போன ஷாட்டில் டம்ளர் எந்தக் கையில் இருந்தது, அதில் தண்ணீர் எவ்வளவு குறைந்திருந்தது என்று குறித்துக்கொள்கிற வேலை. இருபத்தெட்டு வருடம் அடுத்தவர் டம்ளரைப் பார்த்தே சோறு தின்றவள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் யார் எந்த நாற்காலியில் இருந்தார்கள் என்று எழுதிவைக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

காணாமல் போனது நடிகை வாங்கிய முதல் விருது, இதே நடிகர் சங்கம் கொடுத்தது. இருபத்தாறு வயதில் எழுபது வயதுக் கிழவியாக நடித்ததற்குக் கிடைத்தது. 'முதுமையை முகத்திலேயே கொண்டுவந்த நடிப்புக்கு' என்று அதன் பீடத்தில் வெட்டியிருக்கும்.

காலை 9.50.

இன்ஸ்பெக்டரை அழைத்தவர் நடிகையின் மருமகன். வீட்டில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். இன்ஸ்பெக்டர் மாடிக்கு வந்து மேக்கப் அறையைச் சுற்றிப் பார்த்தார். நீளமான அறை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, அதன் முன்னால் ஒரு சுழல் நாற்காலி. எதிர்ச்சுவரில் மூன்று தட்டு அலமாரி, பூட்டு கிடையாது. அறைக் கதவைத் திறந்தால் கதவே அலமாரியை மறைத்துவிடும். உள்ளே வருகிறவருக்கு நேரே தெரிவது கண்ணாடிதான்.

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"நேத்து மத்தியானம் மூணு மணிக்கு. ஒத்திகைக்குப் புறப்படுறப்ப. அஞ்சு மணின்னு சொல்லிட்டுப் போனேன், நாலரைக்கே வந்துட்டேன். ராத்திரி இந்த அறையைப் பூட்டிச் சாவியைத் தலகாணிக்கு அடியில வச்சுக்குவேன்," என்றார் நடிகை.

"மூணுலேருந்து நாலரை வரைக்கும் வீட்டுல யாரு?"

மூன்று பேர். மாப்பிள்ளை கீழே தொலைபேசியில் இருந்தார். மேக்கப்காரர் இன்றைய வேலைக்குத் தூரிகைகளைக் கழுவிவைக்க வந்திருந்தார். சமையலக்கா சமையலறையில்.

"மாடிக்கு வந்து தூசி தட்டுறது அவதான்," என்றார் மாப்பிள்ளை. போதாதா? இன்ஸ்பெக்டரின் முகம் தெளிந்துவிட்டது. ஏழை மேல் வழக்கென்றால் பாதி வேலை முடிந்த மாதிரிதான் சிலருக்கு.

காலை 10.20.

சமையலக்காவின் பை கூடத்து நடுவில் கவிழ்க்கப்பட்டது. நான்கு துணி, ஒரு சீப்பு, ஒரு மருந்துச் சீட்டு. பித்தளை இல்லை.

"வெளியே கடத்தியிருப்பா," என்றார் மாப்பிள்ளை.

"பன்னண்டு மணிக்கு ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க வச்சுக் கேட்டா வந்துரும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

சமையலக்கா கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். குரல் மட்டும் நிமிர்ந்தே இருந்தது. "வரேன் சார். பத்தொன்பது வருஷமா இந்த வீட்டுல ஒரு ஸ்பூன் காணாமப் போனதில்ல. கவிழ்த்தது நீங்க. நீங்களே மடிச்சு வைங்க."

இன்ஸ்பெக்டர் நடிகையைப் பார்த்தார். நடிகை அசையவில்லை. "மடிங்க," என்றார்.

இன்ஸ்பெக்டர் குனிந்து மடித்தார். பன்னிரண்டு மணிக்குள் இந்தப் பழியைத் துடைக்காவிட்டால் சமையலக்கா இனி எந்த வாசற்படியையும் தலை நிமிர்ந்து மிதிக்க முடியாது. நோட்டக்கா நோட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

காலை 10.45.

போன மாதம் இதே அறையில் ஒரு பேட்டி படமாக்கினார்கள். அப்போது எழுதிய பக்கத்தைப் புரட்டினாள். மேல் தட்டு, இடமிருந்து வலம்: பித்தளைச் சிலை, கண்ணாடிச் சுடர், வெள்ளித் தட்டு, மரக் கேடயம், நீலக் கோப்பை, பளிங்குப் பறவை, தாமிரச் சக்கரம், கருங்கல். வாங்கிய வரிசை அது.

இப்போது ஏழுதான். அதுவும் காலி இடம் தெரியாமல் அகட்டி வைக்கப்பட்டிருந்தது. வரிசையைக் குறித்துக்கொண்டாள். பிறகு மூன்று தட்டையும் விரலால் தடவினாள். நடுத்தட்டிலும் கீழ்த்தட்டிலும் விரலில் தூசி ஒட்டியது. மேல் தட்டு பளிச்சென்று இருந்தது.

அவள் பின்னால் மேக்கப் வேலை ஆரம்பமாகியிருந்தது. பன்னிரண்டு மணிக்குப் பத்திரிகை போட்டோ. திருட்டு போனாலும் போட்டோ போகக்கூடாதே. மேக்கப்காரருக்கு எழுபது வயது. நடிகையின் முதல் படத்திலிருந்து அவர் முகத்தைத் தொட்ட கை அவருடையது ஒன்றுதான். நாற்காலிக்குப் பின்னால் நின்று, எப்போதும்போல் நடிகையின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி நெற்றிக்குப் பூச்சு போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நேத்து இந்த அலமாரியைத் தொட்டீங்களா?"

"நாப்பது வருஷமா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்ல. அதுல எனக்கு என்ன இருக்கு?"

காலை 11.15.

நோட்டக்கா எல்லோரையும் மாடிக்கு அழைத்து அலமாரியின் முன்னால் நிறுத்தினாள்.

"ஒரே கேள்விதான். காணாமப் போனதை விடுங்க. மிச்சம் ஏழும் வரிசையா இருக்கா?"

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான்," என்றார் மாப்பிள்ளை.

"இல்ல," என்றாள் சமையலக்கா. "கருங்கல்லு இந்த ஓரத்துல வராது. அது வலது கோடியில இருக்கும். வெள்ளிக்கிழமை துடைச்சப்பக்கூட அங்கதான் வச்சேன்."

மேக்கப்காரர் தூரிகையைக் கையில் பிடித்தபடி தட்டை ஒரு தடவை பார்த்தார். "சரியாத்தானே இருக்கு," என்றார்.

நோட்டக்கா நோட்டை மூடினாள். "சார், சமையலக்காவை விட்டுருங்க. எடுத்தது மேக்கப் அண்ணன்."



"எப்படிச் சொல்றீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தட்டைத் தொட்டுப் பாருங்க. தூசி தட்ட வந்தவங்க மூணு தட்டையும் துடைப்பாங்க. மேல் தட்டை மட்டும் துடைச்சவங்களுக்கு, சிலையை எடுத்த இடத்துல தூசி வட்டம் தெரியக்கூடாதுன்னு கவலை. அதுக்காக எட்டையும் இறக்கியிருக்காங்க. துடைச்சு முடிக்கிறதுக்குள்ள கார் வந்துருச்சு. அரைமணி முன்னாடியே வந்துட்டேன்னு அம்மாவே சொன்னாங்க. சட்டுபுட்டுன்னு ஞாபகத்துல இருந்தபடி ஏழையும் திருப்பி வச்சிருக்காங்க."

"யாரு வேணா வச்சிருக்கலாமே?"

"யாரு வேணா வச்சா கன்னாபின்னான்னு இருக்கும் சார். இது அச்சு அசலா இடம் வலமா மாறியிருக்கு. இடது கோடியில இருக்கவேண்டிய சுடர் வலது கோடியில, வலது கோடிக் கருங்கல் இடது கோடியில. நடுவுல ஒண்ணுகூடப் பிசகல. இந்த நாற்காலிக்குப் பின்னால நின்னு கண்ணாடியைப் பாருங்க. அதுல தெரியிற வரிசையை ஞாபகம் வச்சு அலமாரியில அடுக்கினா இப்படித்தான் வரும்."

இன்ஸ்பெக்டர் போய் நின்று பார்த்தார். பிறகு திரும்பி அலமாரியைப் பார்த்தார். மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தார்.

"அம்மாவும் கண்ணாடியிலதானே பார்க்கிறாங்க?"

"அம்மா ஒத்திகையில இருந்தாங்க. அதோட எட்டையும் அவங்க கையாலயே வச்சவங்க. சமையலக்கா வாராவாரம் நேர்ல பார்த்துத் துடைக்கிறவங்க. மாப்பிள்ளைக்கு எந்த வரிசையும் தெரியாது. இந்த அலமாரியை நாப்பது வருஷமா கண்ணாடியில மட்டுமே பார்த்தவர் ஒருத்தர்தான். தப்பா இருக்கிற வரிசையைச் சரின்னு சொன்னவரும் அவர்தான்."

மேக்கப்காரர் தூரிகையைக் கீழே வைத்தார். தன் பெட்டியின் கீழ்த்தட்டை இழுத்தார். பூச்சுத் துண்டில் சுற்றிய பித்தளைச் சிலையை எடுத்து மேசைமேல் நிறுத்தினார். காலையிலிருந்து அந்தப் பெட்டி அங்கேயேதான் இருந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை.

"திருடல. எடுத்தேன்," என்றார். "இருபத்தாறு வயசுப் பொண்ணை எழுபது வயசாக்க, தினம் அஞ்சு மணி நேரம் பஞ்சும் பசையும் வச்சு ஒட்டினேன். அந்த முகம் என்னோடது. படத்துலயும் என் பேர் போடல, பீடத்துலயும் போடல. இன்னைக்கு ஊரே பார்க்க என் பேர் இல்லாம அது கண்ணாடிக் கூண்டுல நிக்கக்கூடாதுன்னு எடுத்தேன். தப்புன்னு எனக்குத் தோணல."

நடிகை பாதி பூசிய முகத்தோடு அவரை நேராகப் பார்த்தார். கண்ணாடி வழியாக இல்லை.

"ஒரு தடவைகூட என்கிட்ட கேக்கலையேண்ணே?"

"கேட்டிருந்தா மேடையில சொல்லியிருப்பீங்களா?"

நடிகை யோசித்தார். "மாட்டேன்," என்றார். "அப்ப எனக்கு அவ்வளவு பேராசை."

நோட்டக்காவுக்குக் கிழவர் மேல் இரக்கம் வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. "உங்க நியாயம் நியாயம்தாண்ணே. ஆனா ஒண்ணரை மணி நேரமா சமையலக்கா மேல பழி விழுறதைப் பார்த்துக்கிட்டே பூச்சு போட்டீங்களே? உங்க பேரை மறைச்சாங்கன்னு இன்னொருத்தங்க பேரைக் கெடுத்துட்டீங்க."

அப்போதுதான் கிழவரின் தலை தாழ்ந்தது.

நடிகை சமையலக்காவிடம் திரும்பினார். "நீ சொல்லு. ஸ்டேஷனுக்கு அனுப்பட்டுமா?"

"ஸ்டேஷன் வேண்டாம்மா. என்னைத் திருடின்னு சொன்ன கூடத்துல, சொன்ன ஆளுங்க முன்னாடியே, இல்லைன்னு சொல்லட்டும். மாப்பிள்ளையும் சொல்லணும்."

காலை 11.40. கூடத்தில் சொன்னார்கள். மேக்கப்காரர் குரல் உடையச் சொன்னார். மாப்பிள்ளை முணுமுணுத்தார். "கேக்கல," என்றாள் சமையலக்கா. மாப்பிள்ளை மறுபடியும் உரக்கச் சொன்னார்.

"சரி, விஷயம் வெளியே போகவேண்டாம். மீதி மேக்கப்பை முடிங்க, போட்டோக்காரங்க வந்துட்டாங்க," என்று பிறகு மாப்பிள்ளை அவசரப்பட்டார்.

நடிகை மாடி ஏறிப்போய்ப் பஞ்சை எண்ணெயில் தோய்த்தார். நெற்றிப் பூச்சை ஒரே இழுப்பில் துடைத்தார்.

மாலை 6.40.

மண்டபம் நிறைந்திருந்தது. கழுவிய முகத்தோடு, பித்தளைச் சிலையைத் தானே சுமந்துகொண்டு நடிகை மேடை ஏறினார். கன்னத்தில் மங்கு, கண்ணுக்குக் கீழே பை, நரைத்த புருவம். முன்வரிசையில் யாரோ பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார்கள். நோட்டக்கா மேடையோரம் நின்று எழுதவும் மறந்து பார்த்தாள்.

நடிகை மைக்கைப் பிடித்தார்.

"இது என் மூஞ்சி. இதை நீங்க பார்த்ததே இல்ல. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி நீங்க விருது குடுத்தது இன்னொருத்தர் செஞ்ச மூஞ்சிக்கு. அவர் கடைசி வரிசையில உக்காந்திருக்கார்."

அவர் பெயரை இனிஷியலோடு சொன்னார். யாருக்கும் கேட்காமல் போயிருக்கக்கூடாதென்று இன்னொரு தடவையும் சொன்னார்.

"இந்தப் பீடத்துல அவர் பேரையும் வெட்டித் தாங்க. அதுக்கப்புறம் உங்க புது விருதை வாங்கிக்கிறேன்."

சங்கச் செயலாளர் அருகில் வந்து மெதுவாக, "அம்மா, விதியில இடமில்ல," என்றார்.

"விதியில இடமில்லையாம்," என்று நடிகை அதை மைக்கிலேயே சொன்னார். பித்தளைச் சிலையைச் செயலாளரின் கையில் வைத்தார். "அப்ப இடம் கிடைக்கிற வரைக்கும் இதையும் நீங்களே வச்சிருங்க. நிதானமா யோசிங்க. வாழ்நாள் முடிஞ்ச மாதிரி என்னை யாரும் வழியனுப்ப வேண்டாம். திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு எனக்கு ஷூட்டிங் இருக்கு."