கைகாட்டியை இறக்கிய கை

ரயிலால் பிறந்த ஊர் முரன்டூ. முதலில் தண்டவாளம் வந்தது, அடுத்து சாராயக்கடை, அதன் பின்னாலேயே சிறை. அந்தச் சிறை வாசலில் இப்போது நாற்பது பேர் கயிற்றோடு நின்றார்கள். உள்ளே கிடந்தவன் தண்டவாளக் கூலி டான் கீஃப்.

அவன் மனைவி நோரா இன்ஸ்பெக்டர் ட்ரெடினிக்கின் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நேத்து ஸ்டேஷன் மாஸ்டரோட சண்டை போட்டாரு, நெசந்தான். அதுக்காகக் கொலைகாரன்னு தூக்குல போட்ருவாங்களா ஐயா?”

ஸ்டேஷன் மாஸ்டர் ஹார்வுட் கைகாட்டி அறையில் மண்டை பிளந்து கிடந்தார். சுவரெல்லாம் ரத்தம். பக்கத்தில் டானின் சம்மட்டி. அவருடைய கடிகாரம் நொறுங்கி மூன்று நாற்பதில் நின்றிருந்தது.

“சம்மட்டியே சொல்லுதே சார்!” என்று துள்ளினான் கான்ஸ்டபிள் லெனகன்.

“உன் காதுல வந்து சொல்லுச்சாக்கும்! சும்மா இருய்யா. நோராம்மா, அப்ப நீ எங்க இருந்த?”

“பிளாட்பாரத்துல. ரயில்வே பிக்னிக் போன பசங்களக் கூட்டியாரப் போனேன். வண்டி நாலு மணிக்கு டாண்ணு வந்துச்சு.”

ட்ரெடினிக் சட்டென்று நிமிர்ந்தார். பக்கத்து ஸ்டேஷனுக்குத் தந்தி போனது. பதில் வந்ததும் போர்ட்டர் ஸ்டாப்ஸைக் கூப்பிட்டார். செத்தவரின் மைத்துனன் அவன். வண்டி வரும்வரை தண்ணீர்த் தொட்டி நிழலில் தூங்கியதாகச் சொல்லியிருந்தான்.

“மூணே முக்காலுக்கு, வண்டிய அனுப்பலாமான்னு அங்கேர்ந்து மணி அடிச்சிருக்காங்க. இங்கேர்ந்து பதில் மணி போயிருக்கு. வண்டிய உள்ள விடக் கைகாட்டியும் இறங்கியிருக்கு. ஹார்வுட்தான் அஞ்சு நிமிஷம் முன்னயே செத்துட்டாரே. அந்தப் பதில் மணிய யாருய்யா அடிச்சது?”

“டானா இருக்கலாமே சார்?” என்றான் லெனகன்.

“எந்தச் சேதிக்கு எத்தன மணி அடிக்கணும்னு கூலிக்காரனுக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க ஊர்ல ரெண்டே பேரு. ஒருத்தர் பொணமாக் கிடந்தாரு.”

ஸ்டாப்ஸ் மறுக்கவில்லை. “எங்கக்காவ தினம் அடிச்சான். இன்னிக்கு மூணு பல்லு போச்சு. நேத்து சண்டையில டான் விட்டுட்டுப் போன சம்மட்டி அங்க கிடந்துச்சு, எடுத்தேன்.”

“அப்பவே ஓடியிருக்கலாமேடா?”

“மணி அடிச்சுச்சே. வண்டி நெறைய புள்ளைங்க. இந்த வெயில்ல நடுக்காட்டுல நிக்க வைக்க மனசு வரல.”

நோராவால் அவனைத் திட்டவும் முடியவில்லை. வெளியே கயிற்றோடு நின்றவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் அந்த வண்டியில்தான் வந்தார்கள்.

“டானை வெளிய விடு,” என்ற ட்ரெடினிக் துப்பாக்கியில் தோட்டா போட்டார். “இவனைப் பின்வாசல் வழியாக் கூட்டிட்டுப் போ. அந்தக் கயிறு இன்னும் சும்மாதான் இருக்கு.”