முள் எடுத்த விளக்கு

எங்கள் கடைக்கு எலெக்ட்ரிக் விளக்கு வந்த நாளிலிருந்து எனக்குக் கோபம் கோபமாக வந்தது. விளக்கின் மேல் இல்லை. அதைக் கண்டு ஓடியவர்கள் மேல்!

ஜொகூர் பாருவில் வாப்பா சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். சமையல் உம்மா. அடுப்படியில் மண்ணெண்ணெய் விளக்கின் கரும்புகையில் உம்மா இருமிக்கொண்டே இருப்பார்.

"முதல்ல முன்னால ஒண்ணு போட்டுப் பாப்போம், ஜாஹிதா. ஆளுங்க வந்தா அடுப்படிக்கும் ஒண்ணு. வராட்டி இதையும் கழட்டிருவேன்" என்றார் வாப்பா என்னிடம்.

விளக்கு எரிந்ததும் எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். காரணம், மாட்டுவண்டி ஓட்டும் சபாபதி மாமா.

"எண்ணெய் இல்ல, திரி இல்ல, தானா எரியுது! கொள்ளிவாய்ப் பிசாசைக் கண்ணாடிக்குள்ள அடைச்சு வச்சிருக்காங்க!"

"பிசாசு இல்ல மாமா, கரண்ட். கம்பி வழியா வருது."

"அப்ப சொட்டுச் சொட்டா சோத்துல ஒழுகுமே!"

"ஒழுகாது மாமா!"

"சின்னப் பொண்ணு, ஒனக்கென்ன தெரியும்?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வாசலில் இடம் போதாமல் பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

"நாளைக்குக் கழட்டிரலாம்" என்றார் வாப்பா. உள்ளே உம்மா இருமினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று இரவு சபாபதி மாமா வாசல் இருட்டில் உட்கார்ந்து மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டார். திடீரென்று "ஆ... ஆ..." என்று தொண்டையைப் பிடித்துக்கொண்டார். முள்!

சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னோம். முள் அசையவில்லை. வாப்பா மண்ணெண்ணெய் விளக்கை அவர் வாயருகே கொண்டுபோனார். பொசுங்கிய நாற்றம் வந்தது. ஐயோ, மீசை!

"உள்ளே வாங்க மாமா!" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் எலெக்ட்ரிக் விளக்கைக் காட்டித் தலையை ஆட்டினார்.

"அலமாக், ஐயோ மாமா! பிசாசு கண்ணாடிக்குள்ள இருக்கு. முள்ளு உங்க தொண்டைக்குள்ள இருக்கு. எது அவசரம்?" என்றேன்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தார். வாயைத் திறந்தார். வாப்பா கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்த, முள் பளிச்சென்று தெரிந்தது. நான் இரண்டு விரலை விட்டு அதை எடுத்துவிட்டேன்.

மாமா விளக்கை அண்ணாந்து பார்த்தார். "பாய், இதக் கழட்டாதீங்க" என்றார்.

மறுநாள் மாலை கடை நிறைய ஆட்கள்! எல்லோரும் விளக்கின் கீழே! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவர்கள் பேசியது காதில் விழும் வரை.

"வாயைத்தான் தொறந்தேன். விளக்கு ஒரே இழுப்பா முள்ளை இழுத்திருச்சு!" என்றார் மாமா.

"இழுத்தது நான்!" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? பல்வலிக்காரர் ஒருவர் விளக்குக்கு நேரே வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கடலை விற்கும் வெள்ளையம்மா அக்கா முழங்காலை நீட்டினார்.

"கண்ணு, எவ்வளவு நேரம் காட்டணும்?"

கை நிறையத் தேத்தண்ணித் தம்ளர்களோடு ஓடிய வாப்பா என் காதருகே குனிந்தார். "அடுப்படிக்கும் விளக்கு மாட்ட நாளைக்கு ஆள் வருது" என்றார். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனாலும் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"முழங்காலுக்கு இது ஒண்ணும் செய்யாது அக்கா. வெளிச்சம் மட்டும்தான் தரும். தேத்தண்ணியில ஈ கிடந்தா நல்லாத் தெரியும்!"

அக்கா தன் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"பாய்! வேற தேத்தண்ணி!"